கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு சிரிப்பு

இது நடந்தது. என் வீட்டில், எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் "பிரமையா இருக்கும்", "காதுல ஏதாவது கோளாறா இருக்கும்" என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். நான் காதை வைத்துப் பிழைக்கிறவள். போன வருடம்கூடக் காது டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு இருக்கிற காது உங்களுக்கு என்றார். அந்தக் காதுதான் கேட்டது.

பேய்க் கதை என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, அணைகிற விளக்கு என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். எனக்குக் கேட்டதெல்லாம் பட்டப்பகலில். மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில், ஊரே கொட்டாவி விடுகிற நேரத்தில்.

பழைய இசைத்தட்டுகளைக் கழுவி, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டுக்கு நடுவே பொரிகிற சத்தங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது என் வேலை. வீட்டில் சாமான் போட்டு வைத்திருந்த உள்ளறையைத்தான் இதற்கென்று மாற்றிக்கொண்டேன். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு. கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. "உயிரோட சமாதி கட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் மட்டும் என்னவாம்? லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் இருட்டுக் குழிக்குள்தான் வாசம். சமாதியைப் பற்றி யார் பேசுவது என்று விவஸ்தை இல்லை.

ஒரு நாள் தாடி வந்து ஒரு கட்டு இசைத்தட்டுகளை இறக்கினார். தாடி என்பது பழைய சாமான் கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர். மனிதர் எப்போதோ மழித்துவிட்டார், பெயர் மட்டும் போகவில்லை. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கட்டில் இருப்பதையெல்லாம் நான் கழுவி, எது தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டும். கூலிக்குப் பதிலாக எனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு நான் எடுத்தது ஒரு சாக்ஸபோன் ஆல்பம். ஜாஸ் கேட்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற ஆல்பம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் நாலு பேராவது தேடிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். உறையின் முதுகு கிழிந்து, யாரோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். தட்டு நன்றாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

இரண்டாவது பக்கத்தில்தான் வினோதம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே, வெறும் மௌனம் மட்டும் பதிந்திருக்கிற பளபளப்பான மெல்லிய வளையம் ஒன்று இருக்குமே, பார்த்திருப்பீர்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த வளையத்தில் மட்டும் சரமாரியாகக் கீறல். பக்கத்துப் பாட்டுகளின் மேல் ஒரு கோடுகூடப் படவில்லை.

"ஏதாவது குழந்தை கிறுக்கியிருக்கும்" என்றார் தாடி. குழந்தைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது. இசைத்தட்டு என்பது உண்மையில் ஒரே ஒரு நீளமான பள்ளம், சுருள் சுருளாக உள்நோக்கிப் போகிறது. ஓர் இடத்தில் பெரிய சத்தம் பதிந்திருந்தால், அந்த அழுத்தத்தில் பக்கத்துச் சுற்றின் சுவரும் லேசாக நெளிந்துவிடும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஒரு சுற்று முன்னாலேயே, அந்த மௌனத்தில், வரப்போகிற முதல் சத்தம் மங்கலாகக் கேட்கும். பழைய தட்டுகளில் இது சகஜம். நான் இதை முன்னொலி என்பேன். வரப்போவது முன்கூட்டியே கேட்கும், அவ்வளவுதான். இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. மணி மூன்று இருபது. வீட்டில் நான் மட்டும். தட்டைக் கழுவித் துடைத்து, இரண்டாவது பக்கத்தை வைத்து, முள்ளை இறக்கி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். முதல் பாட்டு முடிந்தது. மௌனம். லேசான 'சர்…'. அதற்குள்ளே, வெகு தொலைவில்…

டங்.

ஏதோ தட்டையான பொருள் கீழே விழுந்து, சுற்றிச் சுற்றி, அடங்கியது. டிரம்ஸ்காரர் எதையாவது தள்ளிவிட்டிருப்பார் என்று நினைத்தேன். முன்னொலி என்றால் அடுத்த சுற்றில் அசல் சத்தம் வரவேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. சாக்ஸபோன் மட்டும், தூங்கி எழுந்தவர் பேசுகிற மாதிரி, மெதுவாகத் தொடங்கியது.

பாட்டு முடியட்டும் என்று கம்ப்யூட்டரைப் பதிவில் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தேன். கதவைத் திறந்தேன்.

அடுப்படியில்… டங்.

பாத்திரக் கூடையிலிருந்து மூடி ஒன்று நழுவித் தரையில் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரப் பாத்திரம் நழுவாதா? நழுவும். எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வந்து, பதிவானதைத் திரும்ப ஓடவிட்டேன். அந்த மூடி அடங்குவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கி, மறுபடி ஒரு சின்ன 'டிங்' போட்டிருந்தது. தட்டிலும் தயக்கம் இருந்தது. தட்டிலும் அந்த 'டிங்' இருந்தது.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். கூடையிலிருந்த பாத்திரங்களையெல்லாம் தடதடவென்று அலமாரியில் அடுக்கினேன்.

மறுநாள் மூன்றாவது பாட்டு. அதற்கு முன்னால் உள்ள மௌனத்தில் அழைப்பு மணி. ரெண்டு சின்ன மணி, ஒரு நீள மணி. பிறகு ஓர் ஆண் இருமல். ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டு வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. மாடிப்படியில் எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இருந்தும் அன்று முழுக்க ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்ப்பதும், கதவைத் தாழிட்டோமா என்று போய்ப் பார்ப்பதுமாக அலைந்தேன்.

சாயங்காலம் மணி அடித்தது.

ரெண்டு சின்ன மணி. ஒரு நீள மணி. பிறகு இருமல்.

கதவின் பின்னால் நின்றேன். கை தாழ்ப்பாள் மேல் இருந்தது, திறக்க வரவில்லை. கடைசியில் திறந்தால், என் வீட்டுக்காரர். அவர் மணி அடிப்பதே கிடையாது, சாவி எப்போதும் அவரிடம் இருக்கும். அன்றைக்குப் பட்டறையிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கவும் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப அக்கறையாகத்தான் கேட்டார். அவர் காது வருடக்கணக்கில் மோட்டார் அறையில் கிடந்து மரத்துப் போன காது. ஒன்றும் கேட்கவில்லை என்றார். ரெண்டு நாள் வேலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தூங்கு என்றார். கூட வேலை பார்க்கிற விசிலிடம் சொன்னால் சிரிப்பான் என்றும் சொன்னார். விசில் என்பது அவருடைய ஜோடி. லிஃப்ட் குழிக்குள் விசில் அடித்துக்கொண்டே வேலை பார்ப்பானாம், எந்த மாடியில் இருக்கிறான் என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாமாம். நான் ஆளைப் பார்த்ததில்லை, பேச்சில்தான் தெரியும்.

புத்தியுள்ளவள் என்றால் அந்தத் தட்டை அன்றைக்கே தாடியிடம் திருப்பிக் கொடுத்திருப்பாள். எனக்கு அது முடியவில்லை. ஒன்று மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் சத்தம் கேட்டதற்கும் நடந்ததற்கும் நடுவே சில நிமிடங்கள். இரண்டாவதற்குச் சில மணி நேரம். தட்டில் உள்ளே போகப் போக அந்த இடைவெளி நீளுகிறது. அப்படியென்றால் கடைசி வளையத்தில் என்ன இருக்கிறது? அதை மட்டும் யார், எதற்காகக் கீறி அழித்தார்கள்?

யாரோ கேட்கக் கூடாது என்று நினைத்து அழித்திருக்கிறார்கள். வேறு எவளாக இருந்தாலும் அதோடு விட்டிருப்பாள். ஆனால் அழிந்ததை மீட்பதுதானே என் பிழைப்பு? கீறலைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

அந்தப் பகுதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினேன். முட்கள் மாதிரி நூற்றுக்கணக்கான வெட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்தேன். ரெண்டு மத்தியானம் போனது. எடுக்க எடுக்க, அடியில் ஏதோ அசைவது தெரிந்தது. வாத்தியம் இல்லை. மூச்சு… ஓர் எழுத்து… ஒரு சொல்.

"…சட்டை…"

கையை எடுத்துவிட்டேன்.

எந்தத் தேசத்திலோ, நான் பிறப்பதற்கு முன்னால், தமிழே தெரியாத நாலு பேர் உட்கார்ந்து வாசித்த இசை அது. அதற்குள் தமிழ் எங்கிருந்து வரும்? எழுந்து அறையைச் சுற்றி நடந்தேன். வெளியே போனேன். திரும்பி வந்தேன். மிச்சக் கீறல்களையும் எடுத்தேன்.

ஒரு பெண் பேசினாள். ஃபோனில் பேசுகிற மாதிரி, நடுவில் விட்டு விட்டு.

"அவரு போட்டிருந்த சட்டை என்ன கலர்?"

சர்… சர்…

"நீலமா?"

சர்… சர்…

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க… நீலம்தானே?"

பிறகு சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. அடக்க முடியாமல், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேலேயே சாக்ஸபோன் தொடங்கியது.

பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் குரலை வெளியே கேட்டால் அடையாளம் தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் பதிவு தொடங்கும்போது தேதியும் தட்டின் பெயரும் நானே சொல்லிப் பதிகிறேன்.

அது என் குரல்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு அந்தக் கேள்விக்கு விளக்கவுரை தேவையில்லை. ஃபோன் அடித்தால் முதலில் அவர் நம்பரா என்று பார்க்கிற வாழ்க்கை எங்களுடையது. முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியாதபோதுதான் சட்டையைக் கேட்பார்கள். சிரிப்பு ஏன் என்றுதான் புரியவில்லை. சேதி கேட்டுப் பைத்தியம் பிடித்துவிடும்போல, அதனால் சிரிக்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

எனக்கு அவரை விட்டால் யாரும் இல்லை. பிள்ளைகள் இல்லை. அம்மா அப்பா போய்விட்டார்கள். அவரும் போனால் அந்த ஸ்பாஞ்சு அறையும் நானும்தான். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்ததும் கட்டிக்கொண்டு அழுதேன். பாவம், மிரண்டுவிட்டார். வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். விட்டால் சோற்றுக்கு என்ன வழி என்றார்.

ஆனால் சட்டைக்கு வழி இருந்தது.

பீரோவைத் திறந்தேன். மனிதருக்கு நீலம் என்றால் உயிர், அழுக்கு தெரியாது என்பார். கருநீலம், வெளிர்நீலம், நீலக் கட்டம், நீலக் கோடு. ஒன்று விடாமல் இழுத்துக் கட்டிலில் போட்டேன். நீலச் சட்டையே இல்லாத வீட்டில் நீலச் சட்டையோடு யார் சாவார்கள்?

"அது புதுசும்மா. ஒரு தடவைதான் போட்டேன்."

"யாருக்காவது குடுத்துடுங்க. இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

வாதாடவில்லை. பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய் வேலைக்குப் போகிற வேனின் பின்னால் போட்டுவிட்டார். நான் சாம்பல் நிறத்திலும் பழுப்பிலும் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். காலையில் அவர் படியிறங்கும்போது மாடியிலிருந்து எட்டிச் சட்டையைப் பார்த்துக்கொள்வேன். பிறகுதான் டீ இறங்கும். தட்டை உறையில் போட்டு அலமாரியின் மேல் அடுக்கில், துணிகளுக்கு அடியில் செருகிவிட்டேன்.

வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு பிடித்தது. விதியையே ஏமாற்றிவிட்ட மிதப்பு எனக்கு.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்து மழை. சாம்பல் சட்டையில்தான் போனார். ரெண்டு தடவை பார்த்தேன். மத்தியானம் கரண்டு போய்விட்டது. வேலை ஓடாது. ஆனாலும் உள்ளறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபோன் வெளிச்சத்தில் பழைய உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மணி மூன்று நாற்பது. ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் வீடா என்று ஒரு வயதான குரல் கேட்டது. ஏதோ கட்டடத்தின் காவலாளி. ஒருவர் மேலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார் என்றார். உயிர் இல்லை என்றார். முகம் தெரிகிற நிலையில் இல்லை. சட்டைப் பையில் ஒரு கார்டு இருந்திருக்கிறது. அதில் உள்ள முதல் எண்ணை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது எண் இது.

முதல் எண் என் வீட்டுக்காரருடையது. இரண்டாவது என்னுடையது.

உட்கார்ந்தேனா, நின்றேனா, தெரியாது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சர்… சர்…

அறைக்குள்தான். கரண்டு இல்லை. ப்ளேயர் ஓடவில்லை. தட்டு அடுத்த அறையில், துணிகளுக்கு அடியில்.

சர்… சர்… டக்… சர்…

மௌனப் பள்ளத்தில் முள் ஓடுகிற சத்தம். என் தொழிலில் தினமும் கேட்கிற சத்தம். அது என்னைச் சுற்றி ஓடியது.

அந்த வார்த்தைகளைச் சொல்லக் கூடாது. சொல்லவே கூடாது. பல்லைக் கடித்தேன். வேறு ஏதாவது கேள். வேறு எதைக் கேட்பது? பெயரைக் கேட்டால் கார்டில் உள்ளதைத்தான் சொல்வார். முகம் இல்லை.

கேட்க அது ஒன்றுதான் இருந்தது.

"அவரு போட்டிருந்த சட்டை என்ன கலர்?"

சர்… சர்…

நீலம் என்றார்.

"நீலமா?"

ஆமாம், நீலம்தான் என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க… நீலம்தானே?"

பளிச்சென்று நீலம், கட்டம் போட்டது என்றார்.

என் வீட்டில் நீலம் இல்லை. அவர் போட்டுக்கொண்டு போனது சாம்பல். ரெண்டு தடவை பார்த்தேன். அவர் இல்லை. அது அவர் இல்லை!

சிரித்தேன்.

அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன். அந்த முனையில் ஃபோனை வைத்துவிட்டார்கள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே…

மேசை மேல் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து, கரண்டு இல்லாத அறையில், மெல்லியதாக…

சாக்ஸபோன்.

கடைசிப் பாட்டு.

மழையில் ஓடி, கீழ்வீட்டு வாசலில்தான் போய் நின்றேன். கரண்டு வந்த பிறகும் வீட்டுக்குள் போகவில்லை.

ஏழு மணிக்கு அவர் வந்தார். சாம்பல் சட்டை, முழுக்க நனைந்திருந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விசில் போயிட்டான்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஒரே கட்டடத்தில் ரெண்டு லிஃப்ட். அவர் தரைக்குக் கீழே மோட்டாரில் இருந்திருக்கிறார், அங்கே ஃபோன் எடுக்காது. விசில் மேலே. மத்தியானம் விசிலின் சட்டையில் ஆயில் கொட்டிவிட்டதாம். வேனில் பொட்டலம் கிடந்தது ஞாபகம் வந்து, போய் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள் என்று இவரே சொல்லியிருக்கிறார். நீலக் கட்டம். பையில் அவருடைய பழைய கார்டு ஒன்று எடுக்காமல் இருந்திருக்கிறது.

"அந்தப் புதுச் சட்டைதான்" என்றார்.

காவலாளி எனக்கு ஃபோன் செய்ததை மட்டும் சொன்னேன். நான் சிரித்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் தட்டை எடுத்து, கடைசி வளையத்தில் முள்ளை வைத்தேன். வெறும் கீறல். கம்ப்யூட்டரில் நான் சுத்தம் செய்து வைத்திருந்த பதிவையும் ஓடவிட்டேன். சர்… சர்… அதற்குள் யாரும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

சில நாள் கழித்து விசிலின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். என் வீட்டுக்காரர் வாசலிலேயே ஆண்களோடு நின்றுவிட்டார். உள்ளே விசிலின் மனைவி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நிமிரவில்லை. நான் வெளியே அனுப்பிய சட்டை, என் எண் இருந்த கார்டு, என் சிரிப்பு. என்ன பேசுவது? யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடிம்மா" என்றேன்.

அவள் கை என் கைக்குள் விறைத்தது.

மெதுவாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பேசுங்க" என்றாள்.

பேசத் தேவையே இருக்கவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழாமல், குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் புருஷனுக்குச் சாக்ஸபோன் என்றால் பைத்தியமாம். கல்யாணமான புதிதில் ஒரு தட்டு வாங்கி வந்தாராம். தினமும் அதே தட்டு, குழிக்குள் அடித்த விசிலெல்லாம் அதிலிருந்துதானாம். அதில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் யாரோ ஒரு பெண் பேசுவாளாம், சிரிப்பாளாம். வருடக்கணக்கில் கேட்டிருக்கிறாள். உடைக்கப் போனபோது அவர் விடவில்லை. அவர் வெளியே போன ஒரு மத்தியானம், அந்த இடத்தை மட்டும் குண்டூசியால் கீறினாள். அப்போதும் மனசு ஆறாமல், வீடு மாறும்போது பழைய சாமான்களோடு கடையில் போட்டுவிட்டாள்.

"முதல் தடவை கேட்டப்போ நான் நடுங்கிட்டேன். அவர்தான் என் முதுகைத் தட்டினார். 'பயப்படாத, அவ புருஷன் பொழச்சிட்டான்போல, அதான் சிரிக்கிறா. பாவம், யாரோ, நல்லா இருக்கட்டும்'னார்."

அவள் இன்னும் என் கையை விடவில்லை.

"அப்போ நீலச் சட்டை போட்டிருந்தவன் யாருன்னு கேட்டேன். அவருக்கு அதுக்குப் பதில் தெரியலை. அன்னைக்கே எங்க வீட்டுல இருந்த நீலச் சட்டை அத்தனையும் எடுத்து எரிச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணுகூட வாங்கவே விடலை. கடைசியா அவர் போட்டிருந்த நீலச் சட்டை எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"